கடைசியாக எப்போது பேசினார்?

‘குடித்திருக்கிறார்’ என்று ஒருமுறை சீட்டில் எழுதிவிட்டால், அதற்குப் பிறகு அந்த ஆளை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. எழுதிய டாக்டர் பார்ப்பதில்லை. அடுத்த டூட்டிக்கு வருபவர் பார்ப்பதில்லை. ஓரக் கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு போகும் ஊழியர்கூட மூக்கைச் சுளித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தள்ளுவார். அவசரப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். மருந்தும் ஊசியும் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால் ஒரே ஒரு மதியத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்தது. திருத்தணியில் நான் வேலை பார்த்தது ஒரு சின்ன ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். அவசரத்துக்கு ஆறு கட்டில், ஓர் எக்ஸ்ரே அறை, ஓர் ஆம்புலன்ஸ். தலைக்கு ஸ்கேன் எடுக்க வசதி கிடையாது. அன்று கிருத்திகை. கிருத்திகை என்றால் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்பது இங்கே ஒரு மாதம் வேலை பார்த்தாலே உங்களுக்கும் தெரிந்துவிடும். மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் வருவார்கள், படியேறி மயங்கியவர்கள் வருவார்கள், வெயிலில் காவடி எடுத்துக் கால் கொப்பளித்தவர்கள் வருவார்கள். காலை டூட்டி பார்த்த இளம் டாக்டர் மதியத்துக்குள் ஒரு நாளைக்கு உண்டான ஆட்களைப் பார்த்து முடித்திருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் ஒவ்வொரு கட்டிலாகக் காட்டி ஒப்படைத்துக்கொண்டே வந்தவர், கடைசிக் கட்டிலுக்கு வந்ததும் நிற்காமலே சொன்னார்.

“குடிச்சிட்டு பஸ் ஸ்டாண்டுல விழுந்து கிடந்திருக்காரு மேடம். குளுக்கோஸ் போகுது. தெளிஞ்சதும் அனுப்பிடலாம்.”

அவர் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. அந்தக் கட்டிலில் கிடந்தவரிடம் சாராய வாடை நிஜமாகவே அடித்தது. சட்டை முன்பக்கம் முழுக்க மோர் கொட்டிப் புளித்திருந்தது. யாரோ தெளியவைக்க ஊற்றியிருக்கிறார்கள். ஐம்பதைத் தாண்டிய ஆள். வெயிலில் கறுத்த உடம்பு, கையெல்லாம் கரும்புத் தோகை கிழித்த கோடுகள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

நானும் அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பேன். ஓர் ஈ வந்து அவர் வலது கன்னத்தில் உட்கார்ந்தது. அவர் அதை விரட்டினார். விரட்டிய விதம்தான் என்னை நிறுத்தியது. இடது கையைத் தூக்கி, முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோய், வலது கன்னத்தை வீசினார். ஈ எழுந்து வலது கை மீது உட்கார்ந்து நிதானமாக நடந்தது. அந்தக் கை அசையவே இல்லை.

நான் படித்த காலத்தில் எங்களுக்கு ஒரு பேராசிரியர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். “குடிச்சவன்னு எழுதறதுக்கு முன்னாடி, அவன் குடிக்காதவனா இருந்தா என்னென்ன தேடுவியோ அதையெல்லாம் தேடிட்டு எழுது” என்பார். குடித்தவனுக்கும் மாரடைப்பு வரும், குடித்தவனுக்கும் பாம்பு கடிக்கும், குடித்தவனுக்கும் வாதம் அடிக்கும். குடி மற்ற நோய்களுக்கு வேலி இல்லை. சொன்னால் சாதாரணமாகத் தெரிகிறது. வாடை மூக்கில் ஏறும்போது இது நினைவுக்கு வருவது கஷ்டம்.

சிஸ்டர் ஜெயந்தியைக் கூப்பிட்டேன். எங்கள் அவசரப் பிரிவின் பொறுப்பு நர்ஸ். முதலில் சர்க்கரையைப் பார்த்தோம், சரியாக இருந்தது. கையைத் தூக்கச் சொன்னேன். இடது கை எழுந்தது, வலது கை எழவில்லை. சிரிக்கச் சொன்னேன். முகத்தில் பாதிதான் சிரித்தது. பெயர் கேட்டேன். அவர் என்னை நேராகப் பார்த்து உதட்டைக் கூட்டினார். “செ… செ…” என்று ஒரு சத்தம் வந்தது, அதோடு நின்றுவிட்டது. கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கியது. நாங்கள் பேசுவது எல்லாமே அவருக்குப் புரிகிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். குடிகாரன் என்று சொல்லி ஓரமாகத் தள்ளிய பேச்சு உட்பட.

ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. அதைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த இன்னொரு சிஸ்டர் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை எடுத்துவிட்டார். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். அடைபட்ட மூளைக்கு ரத்தம் கொஞ்சமாவது போய்ச் சேருவது அந்த அழுத்தத்தால்தான், சடாரென்று இறக்கினால் அதுவும் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் எண்ணைப் பார்த்ததும் எதையாவது செய்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அந்தப் பரபரப்பை அடக்கிக்கொள்வதும் நம் வேலைதான்.

மூளை ரத்தக்குழாயில் அடைப்பு என்றால் அதைக் கரைக்க ஊசி இருக்கிறது. ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாமதமாகப் போட்டால் அதே ஊசி மூளைக்குள் ரத்தக் கசிவை உண்டாக்கிவிடலாம். எங்களிடம் ஸ்கேனும் இல்லை, அந்த ஊசியும் இல்லை. எங்கே அனுப்புவது?

எல்லோருக்கும் வாயில் வருவது பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் பெயர்தான். நான் முதலில் அங்கேதான் போன் செய்தேன். எடுத்தவர், “அனுப்புங்க மேடம், பாத்துக்கலாம்” என்றார். இந்தச் சொல்லை நம்பி ஆம்புலன்ஸை ஏற்றிவிடாதீர்கள். அன்பாகத்தான் சொல்வார்கள், ஆனால் அதற்குள்ளே ஒன்றும் இருக்காது. நான் விடாமல் கேட்டேன். ஸ்கேன் இந்த நிமிஷம் ஓடுகிறதா? ஊசி கையிருப்பில் இருக்கிறதா? அதைப் போடத் தெரிந்தவர் கட்டிடத்துக்குள் இருக்கிறாரா? அந்தப் பக்கம் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, “ஸ்கேன் மிஷின் காலைலேர்ந்து ரிப்பேரு, சாயங்காலம் ஆள் வரான்” என்றார். கேட்காமல் அனுப்பியிருந்தால் அவர் அங்கே ஒரு வராந்தாவில் சாயங்காலம் வரை படுத்திருப்பார்.

இரண்டாவதாக, சென்னைக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு மருத்துவமனையைப் பிடித்தேன். தூரம் அதிகம். ஆனால் மூன்று கேள்விக்கும் ஆமாம் என்றார்கள். நரம்பியல் டாக்டரே போனுக்கு வந்தார். இளம் குரல், பதற்றமில்லாத குரல். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கடைசியா அவர் நல்லா இருந்ததை யார் பாத்தாங்க மேடம்? எப்போ?”

“பஸ் ஸ்டாண்டுல கிடந்திருக்காரு. அதுக்கு முன்னாடி தெரியல.”

“அது தெரியாம ஊசி போட முடியாது. கேட்டு வைங்க. நான் ஸ்கேனைத் தயாரா வெக்கச் சொல்றேன்.”

வாடையை வைத்து நேரத்தைக் கணிக்க முடியுமா என்று முதலில் யோசித்தேன். மதுக்கடை திறப்பதே நடுப்பகலில்தான். ஆனால் எங்கள் ஊரில் கள்ளத்தனமாகக் காலையிலேயே கிடைக்கும். எல்லையைத் தாண்டிப் போனால் ஆந்திராவில் வேறு கடை, வேறு நேரம். வாடையை நம்பி அந்த ஊசியைப் போடச் சொல்ல முடியாது. அவர் பேசியதைக் கேட்ட ஒரு ஆள் வேண்டும்.

அவரைக் கொண்டுவந்து சேர்த்த ஆட்டோக்காரர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். பெயர் தாமு. வாய் நிறையப் பாக்கு, அதோடு லவங்கம் வேறு மென்றுகொண்டிருந்தார். நான் கிட்டே போனதும் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார்.

“இவரு உனக்கு யாரு?”

“எங்கக்கா வீட்டுக்காரருங்க. பாவா. பேரு செங்கல்வராயன். திருவாலங்காட்டுப் பக்கம், கரும்பு வெட்டற ஆளுங்களுக்கு மேஸ்திரி.”

“எங்க பாத்தே?”

“பஸ் ஸ்டாண்டுல கெடந்தாருங்க. சவாரி ஏத்திகினு போகசொல்ல பாத்தேன். தூக்கிகினு வந்துட்டேன்.”

“யார் கூட குடிச்சாரு?”

“அது எனக்கு எப்படிங்க தெரியும்?”

பதில் சுவரில் பட்ட பந்து மாதிரித் திரும்பி வந்தது. நான் கேட்டது போலீஸ்காரர் கேட்கும் கேள்வி. அதற்குப் போலீஸ்காரருக்குக் கிடைக்கும் பதில்தான் கிடைக்கும். அந்த லவங்கத்தையும் தாண்டி அவரிடமும் வாடை வந்ததைக் கவனித்தேன். பெஞ்சில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மணி ஓடிக்கொண்டிருக்கும்போது உட்காருவது எளிதில்லை. ஆனால் நின்றுகொண்டு கேட்பவரிடம் யாரும் மனதைத் திறப்பதில்லை.

“தம்பி, யார் குடிச்சா, யார் வாங்கிக் குடுத்தா, அதெல்லாம் எனக்கு வேணாம். உன் பாவாவுக்கு இது போதை இல்ல. மூளைக்குப் போற ரத்தம் அடைச்சிகிச்சு. அதக் கரைக்க ஊசி இருக்கு. எப்ப ஆரம்பிச்சுதுன்னு தெரிஞ்சாத்தான் போடுவாங்க, தெரியலன்னா போடமாட்டாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவரு கடைசியா நல்லா பேசினது எப்போ? என்ன பேசினாரு?”

தாமு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாக்கை மெல்லுவது நின்றுவிட்டது.

“அக்காவுக்குத் தெரிஞ்சா…”

“நான் சொல்லமாட்டேன். அது என் வேலை இல்ல.”

பிறகு தரையிடமே சொல்லுவது போலச் சொன்னார்.

“ரயில் லைன் ஓரமா ஒரு புளிய மரம் இருக்குதுங்க. அங்க உக்காந்துகினு இருந்தோம். பாவா ரெண்டு வருஷமா தொடலீங்க. நான்தான், ஒரே ஒரு கட்டிங் பாவா, கிருத்திகை கூட்டத்துல இன்னிக்கி நல்ல சவாரின்னு வாங்கிகினு வந்தேன். திருப்பதி போற வண்டி ஒண்ணு போச்சி. பாவா பாத்துட்டு, ‘இன்னாடா இது, இன்னிக்கி இவ்ளோ லேட்டா போவுது, ஜனம் தொங்கிகினு போறாங்க பாரு’ன்னாரு. நல்லா சொன்னாருங்க, சுத்தமா சொன்னாரு. அப்பறம் கை கழுவணும்னு எழுந்து நடந்தாரு. சோத்தாங்கால் செருப்பு கழண்டு வுழுந்துச்சி. அவருக்குத் தெரியவே இல்ல. வெறுங்கால்ல இழுத்துகினு போறாரு. நான் சிரிச்சேன்.”

அங்கே நிறுத்தினார். மறுபடி சொன்னார்.

“சிரிச்சேங்க. ஒரு கட்டிங்குக்கே இப்படியா பாவான்னேன். திரும்பிப் பாத்தாரு. வாய் இன்னாவோ சொல்லுது, பேச்சு வரல. ஏறிடுச்சின்னு நெனச்சேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டாந்து நெழல்ல படுக்கவெச்சி மோர் ஊத்தினேன். எறங்கல, வழிஞ்சிடுச்சி. அக்காவுக்குப் போன் பண்ணேன். அப்பறம் பயமா இருந்திச்சி, இங்க இட்டாந்துட்டேன்.”

ஜெயந்தி பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்புவதற்குள் தன் போனில் ரயில் நேரம் காட்டும் செயலியைத் திறந்து தேடத் தொடங்கிவிட்டார். “மேடம், தாமதமா போன வண்டி ஒண்ணுதான் இருக்கு. ஒன்றரைக்குக் கொஞ்சம் முன்னாடி திருத்தணியத் தாண்டியிருக்கு.”

ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகியிருந்தது. இன்னும் வழி இருந்தது.

நான் தாமுவிடம் கையை நீட்டினேன். “ஆட்டோ சாவியக் குடு. நீயும் குடிச்சிருக்கே. சாயங்காலம் வாட்ச்மேன்கிட்ட வாங்கிக்கோ.” கொடுத்துவிட்டார்.

அடுத்தது மனைவி. பெயர் அம்சா. தாமுவின் போனிலிருந்தே கூப்பிட்டேன். பின்னால் ஆட்கள் பேசும் சத்தமும் கரும்பு வெட்டும் சத்தமும் கேட்டன. அவர் வயலில் இருந்தார்.

“இன்னாடா, எழுந்தாரா?” என்றார் எடுத்ததும்.

“தாமு இல்லம்மா. நான் ஆஸ்பத்திரி டாக்டர் பேசறேன்.”

“ஆங், சொல்லுங்க. தெளிஞ்சிட்டாரா? அவனும் போன் பண்ணான். அங்கியே கெடக்கட்டும்னு சொல்லிட்டேன். மலைல படியேறி, சாமி எதிர்ல சத்தியம் பண்ண ஆளுங்க அது.”

பொய் சொல்லிச் சமாளிக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. குடிக்கவே இல்லை என்று சொன்னால் உடனே கிளம்பிவிடுவார். ஆனால் ஆம்புலன்ஸுக்குள் ஏறியதும் வாடை அடிக்கும். அதற்குப் பிறகு நாங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்.

“குடிச்சிருக்காரும்மா, அது நெஜம். ஆனா இப்ப அவரு படுத்திருக்கறது அதனால இல்ல. வாதம் அடிச்சிருக்கு. சோத்துப் பக்கம் கை கால் வரல, பேச்சும் வரல. கோபத்த அப்படியே வெச்சிக்கோங்க. அவரு எழுந்து நின்னப்பறம் கேளுங்க. இப்ப கிளம்பணும்.”

அந்தப் பக்கம் யாரோ ஒரு அம்மாள், “வாதம்னா ஆந்திராவுல எண்ணெ குடுக்கறாங்கடி, ஆஸ்பத்திரில வெச்சிகினு இருந்தா கை கால் சூம்பிடும்” என்று சொன்னது கேட்டது.

“எண்ணெ தடவலாமான்னு கேக்கறாங்க” என்றார் அம்சா. அவர் குரல் மாறியிருந்தது.

“தடவிக்கலாம், நான் வேணாம்னு சொல்லல. அடுத்த வாரம் தடவுங்க. இன்னிக்கி ஊசி.”

நம் ஆட்களிடம் பச்சிலை பொய், எண்ணெய் பொய் என்று வாதாட நமக்கு வாழ்நாள் முழுவதும் நேரம் இருக்கிறது. அந்த ஒரு மதியத்தில் இல்லை. எது முதலில், எது பிறகு என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

அம்சா திருத்தணி வந்து சேரும்வரை காத்திருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். கையெழுத்துப் போட ஆள் வரட்டும் என்று நிறுத்திவைக்கப்பட்ட ஆம்புலன்ஸ்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வண்டி எப்படியும் திருவாலங்காட்டுக்குப் பிரியும் கூட்டு ரோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். “யார் வண்டியிலாவது ஏறிக் கூட்டு ரோட்டுக்கு வந்து நில்லுங்க. நாங்க அங்க ஏத்திக்கறோம்” என்றேன். தாமு கூடவே போகட்டும், ஜெயந்தி துணைக்குப் போகட்டும் என்று முடிவு செய்து வண்டியைக் கிளப்பினோம். நரம்பியல் டாக்டருக்கு ரயில் போன நேரத்தைச் சொன்னேன். “நல்லது மேடம்” என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஜெயந்தி மறுநாள் சொன்னார்.

மொட்டைத் தலைகளோடு நின்ற வேன்கள் ஊர் எல்லை வரை வழியை அடைத்திருந்தன. டிரைவர் இறங்கிப் போய்க் கெஞ்சியும் அதட்டியும் வழி வாங்கினார். கூட்டு ரோட்டில் அம்சா நின்றிருந்தார். வயலில் போட்டிருந்த ஆண் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. சேலை மேல் அந்தச் சட்டை, முழங்கை வரை கரும்புத் தூசி. கதவு திறந்ததும் ஏறவில்லை. கீழேயே நின்று அவரைப் பார்த்தார். செங்கல்வராயனும் பார்த்தார். என்னமோ சொல்ல வாய் கோணியது. வண்டியில் வாடை அடித்தது.

திட்டப்போகிறார் என்று ஜெயந்தி நினைத்தாராம். அம்சா அவர் காலைப் பார்த்தார். “இன்னொரு செருப்பு எங்க?” என்று கேட்டார். தாமு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்சா ஏறி உட்கார்ந்தார். அசையாத அந்த வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சென்னைப் பக்கத்து மருத்துவமனை வரும்வரை அந்தக் கையை விடவில்லை.

வாசலிலேயே காத்திருந்தார்கள். நேராக ஸ்கேனுக்குப் போனார். கசிவு இல்லை, அடைப்புதான். நேரம் இருந்தது, ஆனால் தாராளமாக இல்லை. ஊசி போட்டார்கள். ஊசி போட்டதும் எழுந்து நடந்தார் என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படி நடப்பதும் உண்டு, அவருக்கு நடக்கவில்லை. மறுநாள் விரல்கள் அசைந்தன. சில நாளில் கால் தரையில் ஊன்றியது. பேச்சு வருவதற்கு ரொம்ப நாள் ஆயிற்று.

அவரை அனுப்பிய அன்று சாயங்காலம், காலை டூட்டி பார்த்த இளம் டாக்டரைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். குற்றம் சொல்லக் கூப்பிடவில்லை. தெரியாமல் போனால் அவர் மனதில் அந்தக் கட்டில் குடிகாரன் கட்டிலாகவே தங்கிவிடும் என்பதால் கூப்பிட்டேன். “நான் அவரைத் தூக்கி உக்காரச் சொன்னப்போ சரிஞ்சாரு மேடம். போதைன்னு நெனச்சேன். எந்தப் பக்கம் சரிஞ்சாருன்னு பாக்கல” என்றார். இன்று அவர் வேறு ஊரில் அவசரப் பிரிவின் தலைவர். அவரிடம் வேலை பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், வாடையோடு வருபவர்கள் எல்லோரையும் அவரே தொட்டுப் பார்ப்பாராம். அதில் முக்கால்வாசிப் பேர் வெறும் போதையில் வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். இருக்கட்டும்.

அம்சாவை நான் நேரில் பார்த்தது பல மாதங்கள் கழித்து, அடுத்த கரும்பு வெட்டின்போது. வெட்டுக்கத்தி விரலில் பட்டுத் தையல் போட வந்திருந்தார். பெயரைப் பார்த்துத்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது. என் குரலை வைத்து அவருக்குத் தெரிந்தது.

“எப்படி இருக்காரு?” என்று கேட்டேன்.

“நடக்கறாருங்க. கால கொஞ்சம் இழுக்கறாரு. டம்ளர் புடிக்கறாரு. மொதல்ல தெலுங்குதாங்க வந்துச்சி. அவங்க அம்மா பேசற பேச்சு. எங்கிட்ட தமிழ்லதான் பேசுவாரு. இப்ப திட்டறதுகூட தெலுங்குலதான். எனக்குப் பாதி புரியல, நல்லதுதான்.”

இருவரும் சிரித்தோம். நான் விரலை மரக்கவைத்துவிட்டுத் தைக்க ஆரம்பித்தேன். அவர் விரலைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

“தாமு போன் பண்ண ஒடனே நான் கெளம்பியிருந்தா, அவரு இன்னும் நல்லா ஆயிருப்பாரா?”

இந்தக் கேள்வியை உங்களிடமும் கேட்பார்கள். ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்று சொல்லத் தோன்றும். கேட்பவருக்கு அது பொய் என்று தெரியும்.

“கொஞ்சம் முன்னாடி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தா கொஞ்சம் கூடவே தேறியிருக்கலாம். போதைன்னு நெனச்சது நீங்க மட்டும் இல்லம்மா. பஸ் ஸ்டாண்டே நெனச்சுது, இந்த ஆஸ்பத்திரியும் நெனச்சுது. டாக்டர் சொன்னதும் நீங்க வயல்லேர்ந்து அப்படியே கிளம்பி வந்தீங்க.”

தலையை ஆட்டினார். ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை. இரண்டு தையல் முடிந்தது.

“அன்னிக்கி அவரு கூட யாரு இருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?”

நான் ஊசியை நிறுத்தினேன். “தெரியும்.”

“சொல்லாதீங்க” என்றார் உடனே. “எனக்கும் தெரியும். வண்டியில ஏறினப்பவே தெரிஞ்சிகினேன். அவன் மொகத்தப் பாத்தேனே. அவன் தெனமும் சவாரி முடிச்சிகினு நேரா வூட்டுக்கு வரான். பாவா கையப் புடிச்சிகினு ஏரிக்கரை வரைக்கும் நடத்திகினு போறான், திரும்ப இட்டாறான். மழ நிக்காத நாளுகூட வுட்டதில்ல. நான் ஒண்ணும் கேக்கல.”

“ஏன் கேக்கல?”

அவர் குனிந்து தையலைப் பார்த்தார்.

“கேட்டா பொய் சொல்லுவான். இல்லன்னா நெஜத்த சொல்லிட்டு அப்பறம் எங்க வாசப்படி மிதிக்கமாட்டான். ரெண்டும் எனக்கு வேணாங்க. அவரு நடக்கணும்.”

கடைசித் தையலை முடிச்சுப் போட்டுக் கட்டினேன். விரலை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்தார். எப்போது தையல் பிரிக்க வர வேண்டும் என்று கேட்டார். அடுத்த வாரம் என்றேன்.

“தாமு ஆட்டோவுலயே வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.